பிடித்த சுருட்டு நிறுவனம் விற்கப்பட்டால் எது மாறும், எப்போது மாறும்?

2014 அக்டோபரில் ட்ரூ எஸ்டேட் நிறுவனத்தை ஸ்விஷர் வாங்குகிறது என்ற செய்தி வந்ததும் அமெரிக்கச் சுருட்டு ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். நிகரகுவாவின் எஸ்தெலி நகரில் கையால் சுருட்டு செய்யும் நிறுவனம் ட்ரூ எஸ்டேட். அதன் லிகா பிரிவாதா சுருட்டுக்காக ஆட்கள் கடை கடையாக அலைந்த காலம் அது. ஸ்விஷர் 1861இல் தொடங்கிய பழைய கம்பெனிதான். ஆனால் பெட்ரோல் பங்க் கடைகளில் விற்கும் இனிப்பூட்டிய இயந்திரச் சுருட்டுக்கே அது பெயர்போனது. ஒரு தரப்பு இருந்த பெட்டிகளையெல்லாம் வாங்கிப் பதுக்கியது. இன்னொரு தரப்பு இனி தொடவே மாட்டோம் என்றது. நிறுவனர் இருக்கிறாரா, போகிறாரா என்று பார்ப்போம் எனப் பொறுத்திருந்தவர்களும் உண்டு.

இந்த மூன்று எதிர்வினைகளும் ஒவ்வொரு விற்பனையின்போதும் திரும்ப வருகின்றன. எது நியாயம் என்று தெரிய வேண்டுமானால், ஒரு சுருட்டு நிறுவனம் விற்கப்படும்போது எதெல்லாம் விற்கப்படுகிறது, சுருட்டின் சுவை எங்கே இருக்கிறது என்ற இரண்டும் புரிய வேண்டும்.

முதலில் சுருட்டு

திருச்சி, திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டைப் பார்த்தவர்களுக்கு: இங்கே பேசுவது அதன் உறவுக்கார வகை, ஆனால் அமைப்பு வேறு. நம்மூர்ச் சுருட்டு இரண்டு முனையும் திறந்திருக்கும். கரீபிய, மத்திய அமெரிக்க வகையில் வாயில் வைக்கும் முனை சின்ன இலைத்துண்டால் மூடி ஒட்டப்பட்டிருக்கும். பிடிப்பதற்கு முன் அதை வெட்ட வேண்டும்.

பிரீமியம் சுருட்டு முழுக்கப் புகையிலையால் ஆனது, கையால் செய்தது. நடுவில் உள்ளிலை, சில வகை இலைகளை நீளவாக்கில் மடித்துச் சேர்ப்பார்கள். அதைப் பிடித்து நிறுத்துவது கட்டு இலை. வெளியே கண்ணுக்குத் தெரிவது மேலிலை. ரேப்பர் என்றே பலரும் சொல்வார்கள். உள்ளிலையில் செடியின் கீழ்ப்பாகத்து இலையான செக்கோ லேசாக இருக்கும், நன்றாக எரியும். அதற்கு மேலே வீசோ. உச்சியில் லிகேரோ: வெயிலை அதிகம் வாங்கிய, தடித்த, நிகோட்டின் கூடிய, மெதுவாக எரியும் இலை. லிகேரோவைச் சரியாக நடுவில் வைக்க வேண்டும். ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் எரியாமல் நின்று சுருட்டு கோணலாக எரியும். ஆகவே கலவைச் சூத்திரம் தாளில் இருந்தால் மட்டும் போதாது. அதை அடுக்கும் கையும் வேண்டும்.

பறித்த இலை கொட்டகையில் பல வாரம் தொங்கிக் காய்ந்து பழுப்பாகும். பிறகு பிலோன் என்ற பெரிய குவியலாக அடுக்குவார்கள். குவியலின் உள்ளே வெப்பம் தானாக ஏறும். 45 முதல் 50 டிகிரி செல்சியஸை ஒட்டியதும் குவியலைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். அம்மோனியா நெடி போகும்வரை இது மாதக்கணக்கில் நடக்கும். லிகேரோவுக்கும் தடித்த மேலிலைகளுக்கும் இன்னும் நாளாகும். அதற்கப்புறம் மூட்டை கட்டிக் கிடங்கில் வைப்பார்கள். விதைத்ததிலிருந்து சுருட்டாகும்வரை இரண்டு, மூன்று ஆண்டு சாதாரணம். செய்து முடித்த சுருட்டும் ஸ்பானிஷ் சீடர் என்ற மரத்தாலான அலமாரி அறையில் சில மாதம் ஆறிய பிறகே பெட்டிக்குப் போகும்.

இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

எதை வாங்குகிறார்கள்

புகழ்பெற்ற ஒரு ஓட்டலை யாரோ வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை, அடுப்படி, மளிகை இருப்பு, சமையல் மாஸ்டர், வாடிக்கையாளர் என்று ஐந்தும் தனித்தனிச் சொத்து. ஐந்தும் ஒரே விலையில், ஒரே நாளில் கைமாற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சுருட்டுத் தொழிலும் அப்படியே: வணிகப்பெயர், தொழிற்சாலை, இலைக் கையிருப்பு, கலவை செய்பவர், விநியோக வலை.

பெயர் மட்டும் எவ்வளவு தனியாக நடமாடும் என்பதற்குக் கியூபாவே சாட்சி. கோஹிபா என்ற பெயரில் கியூபாவின் ஹபானோஸ் நிறுவனம் ஒரு சுருட்டு விற்கிறது. அமெரிக்காவில் அதே பெயரில் ஜெனரல் சிகார் நிறுவனம் வேறொன்று விற்கிறது. இலை வேறு, நாடு வேறு, சுவை வேறு. லா குளோரியா குபானாவும் இப்படியே இரண்டு உண்டு.

ஒவ்வொரு விற்பனையிலும் இந்த ஐந்தில் எவை போயின என்று கேட்டால் ரசிகர்களின் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 2023இல் ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குரூப், அலெக் பிராட்லி நிறுவனத்தை 7.25 கோடி டாலருக்கு வாங்கியது. 1996இல் ஆலன் ரூபின் தொடங்கி, தன் இரு மகன்களின் பெயரையே வைத்த நிறுவனம் அது. அதன் பிரென்சாதோ 2011இல் சிகார் அஃபிசியனாதோ இதழின் ஆண்டின் சிறந்த சுருட்டாகத் தேர்வானது. ஆனால் அலெக் பிராட்லிக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. பிரென்சாதோவைச் செய்தது ஹோண்டுராஸின் தன்லி நகரில் இருக்கும் ராய்சஸ் குபானாஸ். அத்தனை கோடிக்கும் கைமாறியவற்றில் முக்கியமானவை பெயர்களும் கலவைகளும் கடைகளுடனான உறவும்தான். அங்கே ரசிகர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: சுருட்டு இன்னமும் அதே தொழிற்சாலையில் செய்யப்படுகிறதா? புதிய உரிமையாளரிடம் சொந்தத் தொழிற்சாலைகள் இருக்கும்போது வெளியே காசு கொடுத்துச் செய்வதை நிறுத்திவிட்டு உள்ளே கொண்டுவரலாமே என்ற கணக்கு ஒருநாள் மேசைக்கு வரத்தான் செய்யும்.

ட்ரூ எஸ்டேட் இதற்கு நேர் எதிர். எஸ்தெலியில் பெரிய தொழிற்சாலை, இலைக் கிடங்கு, பழகிய ஆட்கள் எல்லாம் சேர்ந்தே கைமாறின. நிறுவனர்களில் ஒருவரான ஜொனாதன் ட்ரூ முகமாகத் தொடர்ந்தார். லிகா பெட்ரோல் பங்குக்குப் போகவில்லை. 2014இல் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை என்பதே என் கணிப்பு. லிகாவின் பிறப்போடு சேர்த்துப் பேசப்படும் ஸ்டீவ் சாகா, விற்பனைக்கு முந்தைய ஆண்டான 2013இலேயே விலகிவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் 2015இல் டன்பார்ட்டன் டொபாக்கோ அண்ட் டிரஸ்ட் என்ற சொந்தச் சுருட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் போனதால் வந்த வெற்றிடத்தை ஸ்விஷரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. யார் எப்போது போனார் என்று தேதி பார்த்த பிறகே குற்றம் சாட்ட வேண்டும்.

கையால் சுருட்டு செய்யும் ஒலிவா நிறுவனத்தை 2016இல் பெல்ஜியத்தின் ஜே. கோர்தெஸ் வாங்கியபோதும் இதே முணுமுணுப்பு. ஆனால் வாங்கியது வாண்டர்மார்லியர் என்ற குடும்பம். அவர்களிடம் இயந்திரத்தால் செய்யும் சிறு சுருட்டுத் தொழில் இருந்தது, கையால் செய்யும் பெரிய சுருட்டில் கால் பதிக்க ஒலிவா தேவைப்பட்டது. தங்களிடம் இல்லாததை வாங்குகிறவர் அதைக் கலைக்க அவசரப்பட மாட்டார். ஏற்கெனவே பத்து பிராண்டு வைத்திருந்து பதினோராவதை வாங்குகிறவரின் கணக்கு வேறு: இரண்டு அலுவலகம் எதற்கு, இரண்டு விற்பனைப் படை எதற்கு, இரண்டு கிடங்கு எதற்கு?

ஏன் விற்கிறார்கள்

ரசிகர்கள் இதைப் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். மேலே சொன்ன இரண்டு, மூன்று ஆண்டுக் காத்திருப்பை நினைத்துப் பாருங்கள். இன்று வாங்கும் இலைக்கு இன்றே பணம் தர வேண்டும். அது சுருட்டாகி, ஆறி, கடைக்குப் போய்க் காசாகத் திரும்ப ஆண்டுகள் ஆகும். வியாபாரம் பெருகப் பெருக கிடங்கில் முடங்கும் பணமும் பெருகும். சுருட்டு நன்றாக விற்பதே சின்ன நிறுவனத்தின் கையில் பணமில்லாமல் ஆக்கிவிடும்.

இத்தோடு சட்டம் சேர்ந்தது. 2016 ஆகஸ்ட் 8 முதல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுருட்டையும் தன் கட்டுப்பாட்டின்கீழ் கொண்டுவந்தது. 2007 பிப்ரவரி 15க்குப் பின் சந்தைக்கு வந்த ஒவ்வொரு புதுச் சுருட்டுக்கும் தனித்தனியாக அனுமதி பெற வேண்டிவரும் என்ற அச்சம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வரைவு வெளியானதிலிருந்தே இருந்தது. ஆய்வகச் சோதனைக்கும் வழக்கறிஞருக்கும் செலவு செய்யும் சக்தி பெரிய கம்பெனிக்கே உண்டு. 2023இல் கூட்டாட்சி நீதிமன்றம் பிரீமியம் சுருட்டைப் பொறுத்தவரை அந்த விதியை ரத்து செய்தது. அதற்குள் பல கைகள் மாறிவிட்டன.

வாரிசுப் பிரச்சினையும் உண்டு. அது எல்லாக் குடும்பத் தொழிலிலும் இருப்பதுதான்.

மாற்றம் வரும் காலம்

விற்பனைச் செய்தி வந்த மறுமாதமே சுவை கெட்டுவிட்டதாகச் சொல்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் சுருட்டு பழைய நிர்வாகத்தில், பழைய இலையில், பழைய ஆட்கள் செய்தது. கடை அலமாரியில் இருப்பது, விநியோகஸ்தர் கிடங்கில் இருப்பது, தொழிற்சாலையின் ஆறும் அறையில் இருப்பது என எல்லாம் விற்பனைக்கு முன் உருட்டியவை. அதன் பின்னாலும் இலைக் கையிருப்பு ஓராண்டு, ஈராண்டுக்குத் தாங்கும். ஆகவே உண்மையாகக் கவனிக்க வேண்டிய காலம் விற்பனைக்குப் பிந்தைய 18 மாதத்திலிருந்து மூன்று ஆண்டுவரை. பதுக்குகிறவர்கள் முதல் வாரத்தில் பதறத் தேவையில்லை என்பதும், சலிப்படைந்து கவனிப்பதை நிறுத்திய பிறகே மாற்றம் வரக்கூடும் என்பதும் இதிலிருந்து தெரியும்.

மாற்றம் பெரும்பாலும் ஒரே அடியாக வராது. மேலிலையில் தொடங்கும், ஏனென்றால் ஒரு சுருட்டில் விலை கூடிய இலை அதுதான்: ஓட்டை, கறை, தடித்த நரம்பு இல்லாமல் ஒரே நிறத்தில் வேண்டும். தரம் பிரிக்கும் மேசையில் இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதில் கொஞ்சம் முதல் தரத்துக்குள் வரும். கனெக்டிகட் நிழல் இலை இருந்த இடத்தில் ஈக்வடாரில் விளைந்த அதே விதையின் இலை வரும். ஈக்வடார் இலை மட்டம் என்று சொல்லவில்லை. இயற்கையான மேகமே அங்கே நிழல்துணி வேலையைச் செய்வதால் அருமையான மேலிலை விளைகிறது. ஆனால் சுருட்டு முன்பு இருந்தது போல இருக்காது. அடுத்து ஆறும் அறையில் நாள் குறையும். ஆறு மாதம் கிடந்தது மூன்று மாதத்தில் வெளியே வந்தால் முதல் இழுப்பில் மூக்கைக் குத்தும் அம்மோனியா அதைச் சொல்லிவிடும். 1990களின் சுருட்டு மோகத்தில் இதுவே நடந்தது. அமெரிக்காவின் பிரீமியம் சுருட்டு இறக்குமதி 1992இல் ஏறத்தாழ 10 கோடியாக இருந்து 1997இல் 40 கோடியைத் தாண்டியது. பக்குவமான இலையும் பழகிய கையும் அதே வேகத்தில் பெருகவில்லை, பச்சை வாடை போகாத சுருட்டுகள் சந்தையில் குவிந்தன. அப்போது சொதப்பியவர்களில் யாருக்கும் விற்கப்படாத சின்ன நிறுவனங்களும் ஏராளம் என்பதை மறக்கக் கூடாது.

பெரிய கம்பெனி வந்ததால் நன்மையும் உண்டு. கட்டு இலை சுற்றியதும் ஒவ்வொரு சுருட்டின் வழியாகவும் காற்றை இழுத்துப் பார்க்கும் கருவி வைத்தால் அடைபட்ட சுருட்டு மேலிலை சுற்றும் முன்பே பிடிபடும். ஒரு மோசமான அறுவடை வந்தால் மூன்று நாட்டு இலையை இருப்பில் வைத்திருப்பவர் சமாளிப்பார், சின்னவர் தடுமாறுவார். ரசிகர்கள் விரும்பும் அந்தத் தனித்தன்மையில் ஒரு பகுதி, ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இருந்த ஏற்ற இறக்கம்தான். அது போய்விட்டதே என்று வருந்துவதா, மகிழ்வதா என்பது அவரவர் விருப்பம்.

மாஸ்டர் போகும் பாதை

விற்ற நிறுவனர்களை ஒப்பந்தம் சில ஆண்டு கட்டிப்போடும். போட்டிக் கடை போடக் கூடாது என்ற நிபந்தனையும் வழக்கம். அந்தக் காலம் முடிந்ததும் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதே இந்தத் துறையின் சுவையான கதை.

எர்னெஸ்தோ பெரெஸ் கரீயோவின் குடும்பம் மயாமியின் லிட்டில் ஹவானாவில் எல் கிரெதிதோ தொழிற்சாலையை நடத்தி வந்தது. 1990களின் தொடக்கத்தில் அவருடைய லா குளோரியா குபானா உச்சத்துக்குப் போனது. 1999இல் ஸ்வீடிஷ் மேட்ச் அதை வாங்கியது. பிறகு ஜெனரல் சிகாரின் கீழ் வந்தது. பெரெஸ் கரீயோ ஓடிவிடவில்லை. 2009வரை அங்கேயே இருந்தார். விலகிய பின் தன் பெயரில் புது நிறுவனம் தொடங்கி, டொமினிக்கன் குடியரசின் சாந்தியாகோவில் லா அலியான்சா என்ற தொழிற்சாலை வைத்தார். 2018இல் அவருடைய என்கோர் ஆண்டின் சிறந்த சுருட்டானது. 1999இல் அழுத ரசிகர் பத்தொன்பது ஆண்டு பொறுத்திருந்தால் இரண்டு நல்ல சுருட்டு வரிசைகள் கிடைத்திருக்கும்.

சிஏஓ இன்னொரு கதை. நாஷ்வில்லில் ஓஸ்கெனர் குடும்பம் நடத்திய நிறுவனம் அது. 2007இல் விற்கப்பட்டும் நாஷ்வில்லிலேயே அதே ஆட்களோடு ஓடியது. ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள். 2010இல் வாங்கியவரே ஜெனரல் சிகாரின் உரிமையாளரோடு இணைந்தபோது நாஷ்வில் அலுவலகம் மூடப்பட்டு எல்லாம் ஜெனரல் சிகார் இருந்த ரிச்மண்டுக்குப் போயின. முதல் விற்பனையில் காப்பாற்றப்பட்டதை இரண்டாம் இணைப்பு கலைத்தது. இது புதியவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம்: வாங்கியவர் தந்த உறுதிமொழி, அவரையே இன்னொருவர் வாங்கும்போது செல்லாது. வேலை இழந்தவர்களில் சிலர் 2011இல் நாஷ்வில்லிலேயே கிரௌன்ட் ஹெட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களின் முதல் சுருட்டு ஃபோர் கிக்ஸ் உருட்டப்பட்டது பெரெஸ் கரீயோவின் லா அலியான்சாவில். இரண்டு விற்பனைகளில் சிதறியவர்கள் ஒரே மேசையில் சேர்ந்தார்கள்.

ஹோண்டுராஸின் கமாச்சோ சுருட்டு நிறுவனத்தை 2008இல் தாவிதாஃப் வாங்கியது. கமாச்சோவை நடத்திய குடும்பத்தின் கிறிஸ்தியான் எய்ரோவா பின்னர் விலகி 2012இல் சிஎல்இ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2013இல் கமாச்சோவின் பெட்டியும் சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டையும் முற்றிலும் புது நிறங்களில் வந்தன. பட்டை மாறினால் சுவையும் மாறியதாக நாக்கு நம்பிவிடும்; உடை மாறியதையும் உள்ளடக்கம் மாறியதையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

எல்லா விற்பனையும் மெல்ல முடிவதில்லை. நியூயார்க்கின் பழைய நாட் ஷெர்மனை 2017இல் ஆல்ட்ரியா என்ற சிகரெட் பூதம் வாங்கியது. 2020இல் கடையோடு சேர்த்து மூடிவிட்டது. அதன் டைம்லெஸ் சுருட்டுகள் பிழைத்ததற்குக் காரணம், அங்கே வேலை பார்த்த மைக்கேல் ஹெர்க்லாட்ஸும் பிரெண்டன் ஸ்காட்டும் அந்தப் பெயர்களை வாங்கி ஃபெரியோ தேகோ என்ற நிறுவனமாக 2021இல் மீண்டும் கொண்டுவந்தது. சுருட்டை வெளித் தொழிற்சாலைகள் செய்து வந்ததால் அது சாத்தியமானது. சொந்தத் தொழிற்சாலை இல்லாதது இங்கே பலமாகிப்போனது.

கடைக்காரர் கோபம்

ரசிகரைவிடக் கடைக்காரரே முதலில் கோபப்படுவார், அவர் கோபத்தில் நியாயம் அதிகம். ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குரூப்பிடம் பிராண்டுகள் மட்டுமல்ல, சிகார்ஸ் இன்டர்நேஷனல் என்ற மாபெரும் தள்ளுபடி விற்பனை நிறுவனமும் இருக்கிறது. தெருமுனைக் கடைக்காரர் பத்து ஆண்டு பேசிப் பேசி அறிமுகப்படுத்திய சுருட்டு, விற்பனைக்குப் பிறகு அவருடைய போட்டியாளரின் வீட்டுச் சரக்காகிவிடுகிறது. அவர் அலமாரியில் இடத்தைக் குறைப்பார், அல்லது எடுத்தேவிடுவார். உங்கள் கடையில் ஒரு பிராண்டு திடீரென்று காணாமல் போனால் தரம் கெட்டதாக முடிவு கட்டாதீர்கள். இந்தச் சண்டையாக இருக்கலாம்.

நீங்களே சோதிப்பது

பெட்டியில் தொடங்குங்கள். எந்த நாட்டில் செய்தது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். ஹோண்டுராஸ் என்று இருந்தது நிகரகுவா என்று மாறினால் தொழிற்சாலை மாறியது உறுதி; இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. மேலிலை, கட்டு இலை, உள்ளிலையின் நாடுகளை நிறுவனமே அறிவித்திருக்கும். பழைய அறிவிப்பை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி வாங்கியிருந்தால் அதன் அறிவிப்பையும் படியுங்கள். அலெக் பிராட்லியின் விலை நமக்குத் தெரிந்தது அப்படித்தான். ஒருங்கிணைப்பால் செலவு குறையும் என்ற வாக்கியம் அதில் இருந்தால் எங்கே குறைப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கலாம்.

அடுத்தது தராசு. ஒரே அளவு, உதாரணமாக 5 அங்குல நீளம், 50 ரிங் கொண்ட ரொபுஸ்தோ. ரிங் என்பது அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு, ஆகவே 50 ரிங் சுமார் 20 மில்லிமீட்டர் விட்டம். பழைய பெட்டியிலிருந்து பத்து, புதிய பெட்டியிலிருந்து பத்து எடுத்து 0.1 கிராம் துல்லியமுள்ள தராசில் நிறுங்கள். இரண்டு பெட்டியும் ஒரே ஈரப்பதத்தில் நான்கு வாரமாவது இருந்த பிறகே நிறுக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை நிறுத்ததாகிவிடும். சராசரி எடையைவிட, ஒரே பெட்டிக்குள் கூடுதல் குறைச்சல் எவ்வளவு என்பதே முக்கியம். அது விரிந்திருந்தால் உருட்டும் மேசையில் மேற்பார்வை தளர்ந்திருக்கிறது.

ஒரு சுருட்டைப் பலி கொடுக்கத் தயாரென்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி விரியுங்கள். மேலிலை, கட்டு இலை தனியே. உள்ளிலையை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்குங்கள். எத்தனை இலை, அவற்றில் தடித்து எண்ணெய்ப்பசையுள்ள லிகேரோ எத்தனை என்று எண்ணுங்கள். முழு நீள இலை இருந்த இடத்தில் நறுக்கிய தூள் நடுவே திணித்திருந்தால் அது சாண்ட்விச் எனப்படும் மலிவு முறை. நீள உள்ளிலை என்று விற்றதில் அதைக் கண்டால் மேற்கொண்டு விவாதிக்க ஒன்றுமில்லை.

சுவைச் சோதனையைக் கண்ணை மறைத்துச் செய்யாவிட்டால் பயனில்லை. பட்டையைக் கழற்றி எண் ஒட்டிய மூன்று சுருட்டுகளை வேறொருவர் தரட்டும்: இரண்டு ஒரே பெட்டியிலிருந்து, மூன்றாவது மற்ற பெட்டியிலிருந்து. ஒவ்வொன்றிலும் முதல் மூன்றில் ஒரு பங்கு மட்டும், நடுவே தண்ணீரும் இருபது நிமிட இடைவெளியும். எது ஒற்றை என்று சொல்ல வேண்டும். ஒரே ஆள் ஐந்து முறை செய்வதைவிட ஐந்து பேர் ஆளுக்கொரு முறை செய்வது நல்லது. வெறும் வயிற்றில் வேண்டாம், நிகோட்டின் தலையைச் சுற்றவைக்கும். ஐவரில் நால்வர் சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. மூவர் மட்டும் என்றால் எதையும் நிரூபிக்காது.

வேறுபாடு தெரிந்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். பழைய பெட்டி மூன்று ஆண்டு கிடந்து மென்மையாகியிருக்கும், புதியது இளசு. அது வயது வித்தியாசமாக இருக்கலாம். அறுவடை வித்தியாசமாகவும் இருக்கலாம். மழை கூடிய ஆண்டின் இலையும் வறண்ட ஆண்டின் இலையும் ஒரே கலவையில் ஒரே சுவை தராது. ஆகவே புதிய பெட்டியில் பாதியை ஓராண்டு வைத்துவிட்டு மறுபடி சோதித்த பிறகே புதிய உரிமையாளர் மேல் தீர்ப்புச் சொல்லலாம்.

பதுக்குகிறவர்களுக்கு

பத்துப் பெட்டி வேண்டாம். ஓராண்டில் நீங்கள் உண்மையில் பிடிக்கும் அளவு எவ்வளவோ அவ்வளவு போதும். கையால் உருட்டியது என்பதால் சுருட்டின் கெடுதல் குறைந்துவிடாது. வாய்ப் புற்றுக்கும் தொண்டைப் புற்றுக்கும் அது காரணம். கிடங்கில் கிடக்கிறதே என்று பிடிப்பது முட்டாள்தனம்.

வைக்கும் இடம் 65 முதல் 69 சதவீத ஈரப்பதம், 18 முதல் 21 டிகிரி. ஈரமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள்: ஒரு மூடியில் உப்பை எடுத்துச் சேறு பதத்துக்குச் சில துளி தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஜிப் பையில் மூடிப் பத்து மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். 72 காட்டினால் உங்கள் கருவி மூன்று குறைத்துக் காட்டுகிறது.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் வீடுகளில் அறை வெப்பம் எளிதாக 25 டிகிரியைத் தாண்டும். அப்போது இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, ஊசித்துளை போட்டுப் பெட்டியையே தின்றுவிடும். குளிர்விக்கும் பெட்டி இல்லையென்றால் பதுக்கும் எண்ணத்தையே விடுங்கள். சந்தேகமுள்ள பெட்டியை இரட்டை ஜிப் பையில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, ஒருநாள் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், பிறகு மூன்று, நான்கு நாள் உறைநிலைப் பகுதியில், மறுபடி ஒருநாள் கீழ்த்தட்டில் வைத்து, வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். நேரடியாக உறைநிலையிலிருந்து வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.

ட்ரூ எஸ்டேட்டின் ‘ஆசிட்’ என்ற பெயருள்ள வரிசையைப் போல நறுமணம் ஏற்றிய சுருட்டுகளை லிகாவோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அந்த மணம் சில வாரத்தில் மரத்திலும் பக்கத்துச் சுருட்டுகளிலும் ஏறிவிடும், பிறகு போகாது.